ஒரே சுவரில் மூன்று வண்டிகள்

மேட்டூரில் அணை கட்டி முடித்த புதிது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியர். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த திமிர் கொஞ்சம் உண்டு. தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் அருகில் இருப்பதைப் பெரிதாகவும் போட என்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு.

கோடை விடுமுறையில், சொந்தத் தோட்டம் வைத்து விவசாயம் செய்யும் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். மனைவியோடு மாட்டுவண்டியில் போய் அணையைப் பார்த்து வந்தவர். புது வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்தப் பயணத்தைச் சித்திரமாக எழுத வேண்டுமாம். கொத்தனார் தினமும் ஒரு பாகத்துக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசித் தருவார். ஈரம் காய்வதற்குள் நான் தீட்டிவிட வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுவரோடு ஒட்டும்.

முதல் நாள் முன்னால் வண்டியும் தொலைவில் அணையுமாகக் கரியால் கோடு போட்டேன். தோட்டக்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, இதென்னுங்க எலுமிச்சம்பழமாட்ட?”

“அணைங்க. தூரத்துல இருக்குதில்லீங்களா?”

“நாங்க பக்கத்துல நின்னுதானுங்க பார்த்தோம்! அண்ணாந்து பார்த்துக் கழுத்தே நோவெடுத்துப்போச்சு.”

சரி, அணையைப் பெரிதாக்கலாம் என்றேன். அவர் விடவில்லை. வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியது, எடப்பாடி தாண்டிப் புளியமரத்தடியில் நின்றது, அணைக்குப் போய்ச் சேர்ந்தது, மூன்றும் வேண்டும் என்றார்.

“ஒரே வண்டி ஒரே படத்துல மூணு எடத்துல எப்படீங்க இருக்கும்?”

கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி சொன்னார்: “இருந்துச்சுங்களே! காலையில ஊட்டு முன்னால, மத்தியானம் மரத்தடியில, மறுநாள் அணைக்கட்டுல. மூணு எடத்துலயும் நான் இருந்தனுங்க.”

பார்வைக் கோணம், நிழல் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மூச்சுவிட்டுத் திரும்பியபோது சாந்து காய்ந்து வெளுத்திருந்தது. கொத்தனார் அதைக் கொத்தி எடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் அவர்கள் சொன்னபடியே, வாசலை ஒட்டிய இடது மூலையிலிருந்து தொடங்கினேன். நிழலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை: காலை வண்டிக்கு நீளமாக, மதிய வண்டிக்குச் சக்கரத்தடியில் ஒண்டிக்கொண்டு. போடப் போட எனக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. அணைக்கு வரும்போது சுவர் போதவில்லை. மூலையில் மடக்கி அடுத்த சுவருக்குக் கொண்டுபோனேன்.

“கடைசியில நான் வண்டியில இல்லீங்க. மாட்டுக்குக் கால் நொந்துபோச்சு, எறங்கி நடந்தனுங்க” என்றார் அந்த அம்மா. சிவப்புச் சேலையில் நடக்கவிட்டேன். மாலையில் வந்து பார்த்து, “சேலை பச்சைங்க” என்றார். அதற்குள் ஈரம் காய்ந்திருந்தது.

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் யாரும் ஓரிடத்தில் நின்று படம் பார்க்கவில்லை. வாசலிலிருந்து மூலை தாண்டி அணை வரை சுவரோடு நடந்தார்கள். புளியமரத்தடி வந்ததும் தாங்களும் சற்று நின்றார்கள். தோட்டக்காரர் கூடவே கதை சொல்லிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். ஒருத்தி தன்னையே ஏழு இடங்களில் போட்டிருந்தாள். கிணற்றடியில் இரண்டு தடவை. ஏனென்று கேட்டேன்.

“சிலேட்டுப் பலகையை மறந்துட்டுத் திரும்பிப் போனனுங்க சார்.”