போயா நாளில் பசித்த எலிகள்

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நீங்கதானே எலி கொல்ற வேலை பாக்குறவங்க?" கேட்டவர் வீட்டு அடுப்படியில் எலிப்பொறி இருக்கும், அதற்குள் கருவாட்டுத் துண்டும் இருக்கும். நான் குனிந்து சோற்றைப் பிசைவேன். பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளெலிகளைப் பராமரிப்பது என் வேலை. தீவனம் போடுவேன், கூடு கழுவுவேன், சுகமில்லாததைப் பிரித்து வைப்பேன். ஆய்வு முடிகிற நாளில் அவற்றைக் கொல்லும்போதும் கூடவே நிற்பேன். என் அண்ணனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அவர் விழுங்கும் மாத்திரை எத்தனையோ எலிகளைத் தாண்டித்தான் மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. அதனால் இந்த வேலையை நான் வெறுக்கவில்லை. பழகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாணவி அப்போது தன் பட்டத்துக்கான ஆய்வைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கசப்பு மூலிகையின் சாறு இரத்தத்தில் சீனியைக் குறைக்குமா என்பதுதான் ஆய்வு. தினமும் காலையில் ஒவ்வோர் எலிக்கும் சாறு கொடுப்பாள். கூட்டைத் திறக்கும்போதே, "வாறன், வாறன், பொறுங்கோ" என்று அவற்றோடு பேச்சுக் கொடுப்பாள். கடைசி நாளில் அவற்றை மயக்கி, இரத்தம் எடுத்து, கொன்று, ஈரலை வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய இரவு தீவனம் கிடையாது. சாப்பிட்டிருந்தால் சீனி அளவு சரியாக வராது.

அந்தக் கடைசி நாள் ஒரு தடவை தள்ளிப்போனது. இரத்தம் சோதிக்கும் மெஷின் பழுதாகியிருந்தது. திருத்தி முடித்ததும் சேர், அதாவது அவளுடைய பேராசிரியர், புதிய நாள் குறித்தார். அது போயா தினம், புத்த சமயத்தவர்களின் பௌர்ணமி நாள். போயாவில் விடுமுறை, இறைச்சிக்கடை பூட்டு என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சேர் கலண்டரைப் பார்க்காமல் குறித்துவிட்டார். புத்த சமயத்தவரான அவரே குறித்திருக்கிறார், அப்படியானால் பரவாயில்லையாக்கும் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைத்தேன். அடுத்தவர் சமயத்தைப் பற்றி நாம் எதற்குக் கேட்பது என்ற மரியாதை. இப்படி மரியாதை பார்த்தே எங்கள் ஊரில் பல காரியங்கள் கெட்டுப்போகும்.

முதல்நாள் மாலை தீவனத்தை எடுத்துவிட்டோம். காலையில் இருவரும் காத்திருந்தோம். சேர் வரவில்லை. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது அவர் வெள்ளை உடுத்து, சில் என்ற விரதம் எடுக்கப் பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்கு, புறப்பட்டுக்கொண்டிருந்தார். பதறிப்போனார். இன்று தன்னால் ஓர் உயிரை எடுக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் இருவருக்கும் போயா இல்லைதானே, நீங்கள் செய்து முடிக்கலாமே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வாங்கி, "பாவமென்றால் எங்களுக்கும் பாவம்தான் சேர்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார், நல்ல மனிதர். நாளைக்குத் தானே வந்து செய்வதாகச் சொன்னார். அதுவரை தீவனம் போட வேண்டாம், தண்ணீர் இருக்கிறதுதானே, தானும் இன்று மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடப்போவதில்லை என்றார்.

அவர் ஆறுதலுக்குச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. நானும் கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பவள். எப்போது சாப்பாடு வரும் என்று எனக்குத் தெரியும். தாங்க முடியாவிட்டால் எழுந்துபோய் ஒரு வாய் சாப்பிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டுக்குள் இருப்பதற்கு இந்த இரண்டில் எது இருக்கிறது? எங்கள் காலடி கேட்டு எல்லாம் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றன. ஒன்று வெறும் தீவனத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"போட்டுருவோமா?" என்றேன்.

"இருந்த சாறெல்லாம் நேத்தோட முடிஞ்சுது அக்கா. தீன் போட்டா மருந்தில்லாமல் சாப்பிட்ட நாளொண்டு கூடிப்போகும். ஏனெண்டு கேப்பினம். ஆய்வு பிழையெண்டு தள்ளிப்போட்டினமெண்டா, புது எலியள் எடுத்து முதலிலயிருந்து செய்ய வேணும். அதுகளையும் கொல்ல வேணும்."

"ரெண்டு ராத்திரி பட்டினி போட்டா மட்டும் கணக்கு சரியா வருமா?"

"வராது."

"அப்ப எப்படிப் பாத்தாலும் கெட்டுப்போச்சு. அதுங்க வயிறு எதுக்கும்மா காயணும்?"

"சேர் போட வேண்டாமெண்டவர்."

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். தீவன வாளி என் பொறுப்பில்தான் இருந்தது. நானே அள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் பட்டம் அவளுடையது, நாளை பதில் சொல்லப்போகிறவளும் அவள்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வாளியைத் திறந்தாள். ஒவ்வொரு கூட்டுக்கும் போட்டாள். அறை முழுக்கக் கடிக்கிற சத்தம். அதைக் கேட்டு அழுதாள்.

"நாளைக்குக் கொல்லப்போறதுகளுக்கு இண்டைக்குத் தீன் போடுறன். எனக்கென்ன விசரா அக்கா?"

"அழுங்க. கையக் கழுவிட்டு அழுங்க" என்றேன். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் மறுபடி தீவனத்தை எடுத்தோம். மறுநாள் காலை சேர் வந்ததும், அவர் கேட்கும் முன்பே, "நான்தான் சேர் சாப்பாடு போட்டனான்" என்றாள். அவர் அவளையும் கூடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். முதல் எலி தானாகவே அவள் கைக்கு ஏறி வந்தது. எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் கூடவே நின்றேன்.

சில மாதங்கள் கழித்து அவளுடைய ஆய்வேட்டுக்கான நேர்முகப் பரீட்சை நடந்தது. முடிந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். மருந்தில்லாமல் தீவனம் மட்டும் போட்ட அந்த ஒரு நாளைத்தான் முதலில் கேட்டார்களாம். பெரிய பெரிய விளக்கமெல்லாம் தயார்செய்து கொண்டுபோயிருந்தாள். சேரும் அங்கேதான் இருந்தாராம்.

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம் மறந்துபோச்சுது அக்கா. அதுகளுக்குப் பசிச்சது எண்டு சொல்லிட்டன்."

பிறகு பரீட்சகர்களில் மூத்தவர், அதை ஆய்வேட்டிலும் எழுதிவிட்டு வா, நீ சொன்ன அதே வார்த்தையில் எழுது என்றாராம்.