அல்போன்ஸ் முசேயின் ஆக்டியம் போர்

பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’, அதாவது ஐயா, என்று நாங்கள் அழைத்த அல்போன்ஸ் இறந்த செய்தி, லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. "மதாம், முசே போயிட்டாராம். பாரிஸ்ல, மக வீட்டுல" என்றார் எங்கள் வரலாற்றுத் துறை இளங்கோ. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நானும் நின்றேன். அழுகை வரவில்லை. நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். அவரை அறிந்த உங்களில் பலர் அதை எழுதுவீர்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

பாடம் நன்றாக நடத்துவார், அதை மறுக்க முடியாது. ரோமானிய உள்நாட்டுப் போரை முடித்துவைத்த ஆக்டியம் கடற்போரை மட்டும் அவர் வகுப்பறையில் நடத்தியதில்லை. தான் பெத்தாங்க் ஆடும் சரளைத் திடலுக்கு மாணவர்களை வரச்சொல்லி, அந்த ஆட்டத்தின் இரும்புக் குண்டுகளைக் கப்பல்களாகப் பரப்புவார். இந்தப் பக்கம் ஆண்டனி, எதிரே ஆக்டேவியன். பின்னால் கிளியோபாட்ராவுக்கு ஒரே ஒரு குண்டு. அதைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு, "பொம்பள கப்பலத் திருப்பிட்டா. கத முடிஞ்சுது" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"கரையில ஆண்டனியோட தரைப்படை நின்னுச்சே, அதுக்குக் குண்டு எங்க முசே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க சண்டையே போடலியே மதாம், அவங்களுக்கு எதுக்கு?"

ஒரு வருடம், துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டிய முறை. அதற்குச் சற்று முன்புதான் என் மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, தேர்வு நேரம் முழுக்க கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அவளோடு கிடந்திருந்தேன். துறைக் கூட்டத்தில் முசே எழுந்தார். "ஆக்டியத்துல என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். நடுப்போர்ல திரும்பிப் போறவங்க கையில கப்பலக் குடுக்கலாமா?" சக ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளைப் போலவே சிரித்தார்கள். பதவி அவருக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

பிறகு இன்னொரு வருடம், பாரிஸில் மகளோடு தங்கிவிட்ட மனைவி கூப்பிட்டார் என்று, பாடங்களைப் பாதியில் விட்டு முசே விமானம் ஏறினார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஒரு மாணவன் போன் செய்தான். "மதாம், ஆக்டியம் கிளாஸுக்கு வரச்சொன்னாரு. திடல்லதான் நிக்கிறோம். முசே வந்துடுவாரில்ல?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். குண்டுகள் இல்லை, பிள்ளைகளின் செருப்புகளையே கப்பல்களாக வைத்தேன். "நீங்க நிக்கிற இடம்தான் கரை" என்றேன். கிளியோபாட்ரா போனதும் ஆண்டனி தன் கப்பல்களைப் போரில் விட்டுவிட்டு அவள் பின்னால் போனதையும், தலைவன் வருவான் என்று தரைப்படை நாள்கணக்கில் காத்திருந்து எதிரியிடம் சரணடைந்ததையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ இவங்கள நிக்க வெச்சிட்டுப் போனது கிளியோபாட்ரா இல்லியா மதாம்?" என்றாள் ஒரு பெண்.

"இல்லம்மா" என்றேன்.

முசே என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் தருவதாக இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆக்டியம் பாடத்தின்போது அந்தத் திடலில் நான் சொல்லும் அந்த "இல்லம்மா"தான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது.