கிணற்றுநீரில் கற்பூரம்

சுடர்விழிக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருட உத்தியோகம். அவள் கையிலிருந்த கருவி, தண்ணீரில் கலந்திருப்பவற்றை ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் புறஊதா ஒளியைப் பாய்ச்சும். எந்தப் பொருள் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மேலாளர் வைத்தியலிங்கத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வந்தது என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதிவிடுவார். ஒரே பஸ்ஸில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்பது அவர் கட்சி.

ஆயுதபூஜையன்று கருவிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. ராகுகாலத்துக்குள் முடிக்க வேண்டுமென்று அவர் பறந்த பறப்பில், நீர்க்குப்பிகள் திறந்தே கிடந்தன. அவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாகக் கற்பூரம் காட்டினார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சுடர்விழி பிறந்த தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரும் அவற்றில் இருந்தது. நாற்பது வீடுகளுக்கு அது ஒன்றுதான் குடிநீர்.

விடுமுறை முடிந்து அந்த நீரைச் சோதித்தபோது வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது.

“பூச்சிமருந்துல கலக்குற கரைப்பான்மா. அதே நிமிஷம் பாரு. கிணத்த மூடச் சொல்லி எழுதிட்டேன், கையெழுத்துப் போடு.”

“அதுவும் கற்பூரமும் ஒரே நிமிஷத்துலதாங்க சார் வரும். ஆனா ஒளியை விழுங்கியிருக்கிற விதம் கற்பூரத்தோடது. பக்கத்துல திறந்திருந்த சுத்தத் தண்ணியிலயும் அதேதான் இருக்கு. எல்லாம் நீங்க காட்டுனதுதாங்க.”

“கற்பூரம்னு எழுதினா நம்ம மானம் என்னாவறது?”

“கிணத்த மூடிட்டா அந்த சனம் தண்ணிக்கு எங்க சார் போகும்?”

“ஆறு இருக்கே!”

சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடவில்லை. தானே ஊருக்குப் போய்ப் புதிதாக நீர் எடுத்துவந்து சோதித்தாள். மேடு இல்லை. முதல் மேடு ஆய்வுக்கூடத்தில் ஏற்றிய கற்பூரம் என்பதையும் பச்சையாக எழுதி ஊராட்சிக்கு அனுப்பிவைத்தாள். மறுநாள் காலை வைத்தியலிங்கம் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார். குரலில் சந்தனம் மணத்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அம்மா காத்தாயி போன் செய்தாள்.

“கெணத்துக்கு ஒண்ணுமில்லையாம்ல? நீ பொறந்ததுலேர்ந்து குடிக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா? இதச் சொல்ல ஒரு மிஷினு, அதுக்குக் காவலா நீ, ஒனக்கு ஒரு சம்பளம்!”

“ஆமாம்மா” என்றாள் சுடர்விழி.