அம்மா சொன்ன ‘தெரியாது’

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவும் ஒரு மாணவி. புதுக்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பட்டயப் படிப்பு. வேலைக்கு உதவும் என்று கம்ப்யூட்டர் படிக்கத்தான் சேர்ந்தாள். கூடவே ‘தத்துவ அறிமுகம்’ என்று ஒரு பாடத்தையும் கட்டாயமாகத் தலையில் கட்டினார்கள். அம்மா கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். குழம்பு தாளிக்கும்போதே பாடம் நடக்கும். கண்ணால் காண்பது காண்டல், கண்டதை வைத்து ஊகிப்பது கருதல், பிறர் சொல்லிக் கேட்பது உரை. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாதாம். “உப்புப் போட்டது காண்டலா, கருதலா?” என்று கேட்டுவிட்டு அப்பா சிரிப்பார்.

அந்த விடுமுறையில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். அத்தைக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் என் வயது, இளையவனுக்கு ஐந்து. ஒரு நாள் காலை, வீட்டை ஒட்டிய முந்திரித் தோப்பில் தாழ்ந்த கிளை ஒன்றில் இளையவனும் நானும் ஏறி உட்கார்ந்திருந்தோம். பழத்துக்கு எட்டியவன் வழுக்கி விழுந்தான். கை முறிந்துவிட்டது. நான் குதித்து இறங்கவும் மூத்தவன் ஓடிவரவும் சரியாக இருந்தது. “இவதாம்மா தள்ளிவிட்டா” என்று அவன் வீட்டைப் பார்த்துக் கத்தினான். அதன்பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

மதியம் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். கையில் கட்டோடு இளையவன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை வாசலிலேயே, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி ஆரம்பித்தாள்.

“தம்பி, ஒம் மக பண்ணுன வேலையப் பாத்தியா?”

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை ஓங்கிவிட்டார். அம்மா இடையில் புகுந்து என்னைத் தோளோடு பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எம் பெரிய மகன் பொய் சொல்ல மாட்டான்” என்றாள் அத்தை.

இதற்கு என்ன பதில் என்று எனக்கே தெரியும். என் மகளும் தள்ள மாட்டாள் என்று எந்தத் தாயும் சொல்வாள். அதைக் கேட்கத்தான் காத்து நின்றேன்.

“தள்ளுனாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது அண்ணி. நான் அங்க இல்ல. நீங்களும் இல்ல” என்றாள் அம்மா.

அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

அம்மா மூத்தவனைக் கூப்பிட்டாள்.

“அவ தள்ளுனத நீ கண்ணால பாத்தியாப்பா?”

“ஆமா.”

“அப்ப எங்கிட்டு நின்ன?”

“வீட்டுக்குள்ள. போன்ல கேம் வெளாண்டேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன்.”

“வந்தப்ப என்ன பாத்த?”

“தம்பி கீழ கெடந்தான். இவ பக்கத்துல நின்னா.” சொல்லிவிட்டு அவனே விழித்தான்.

“அம்புட்டுத்தான பாத்த?”

தலையை ஆட்டினான். அத்தை முணுமுணுத்தாள்: “காலேசுக்குப் போயி வக்கீலாட்டம் பேசக் கத்துக்கிட்டா. பெத்த புள்ளைக்குப் பரிஞ்சு பேசத் தெரியல.” அது எனக்கு நியாயமாகவே பட்டது.

பஸ் நிறுத்தத்தில் அப்பா, “இந்தப் படிப்பு இத்தோட போதும்” என்றார். அம்மா திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்புக்குக் கிளம்பிப் போனாள்.

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன். “நீகூட என்னைய நம்பலையாம்மா?”

“நம்புறேன்டி. ஒங்கத்தையும் அவங்க மகனை நம்பத்தானே செய்றாங்க? நம்புறத மட்டும் வச்சு ஒன்னையக் காப்பாத்த முடியாது.”

எனக்கு அது வெறும் சாக்காகத் தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை இன்றுவரை ஒரு வார்த்தை வருந்தியதில்லை. அப்பா கை ஓங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. ஆனால் அன்று அவர்கள்மேல் வராத கோபமெல்லாம் அம்மாமேல் வந்தது.

வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போது பார்த்தேன். தோளில் விரல் பதிந்த இடமெல்லாம் கன்றியிருந்தது. அந்த வாசலில் பேசி முடிக்கும்வரை அம்மா பிடித்திருந்த பிடி. வலிக்கிற மாதிரி ஏன் பிடித்தாள் என்று அதற்கும் சேர்த்தே அவளோடு பேசாமல் இருந்தேன்.