சாமித்தட்டில் ஒரு சுவஸ்திகம்

நோர்வேயில், ரொம்சோஸ் புறநகரில் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் நானும் என் பள்ளித் தோழனும் இசை செய்தோம். இசை என்று நாங்கள்தான் சொன்னோம். தகரத்தைச் சுத்தியலால் அடித்துப் பதிவுசெய்து, கணினியில் திரும்பத் திரும்ப ஓடவிடுவோம். இண்டஸ்ட்ரியல் என்று அதற்குப் பெயர். அவன் நோர்வேஜியன், தாயோடு தனியாக வளர்ந்தவன். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஒருநாள் அப்பா கீழே இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"உதை நிப்பாட்டுங்கோ தம்பி. ஷெல் விழுற மாதிரிக் கிடக்கு."

நான் மொழிபெயர்த்து, ஊரில் நடந்த யுத்தத்தையும் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு அப்பா வேலைக்குப் போன நேரங்களில் மட்டுமே தகரத்தைத் தொட்டான். அப்படிப்பட்டவன்.

அந்த இசை உலகில் சீருடை, கொடி, பழைய நாஜிச் சின்னங்கள் எல்லாம் சாதாரணம். பார்ப்பவர்களை அதிரவைக்கத்தான் என்பார்கள், கேலி என்பார்கள். நானும் அதை நம்பித்தான் மேடை ஏறினேன். அவனோ ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்துகள், வடதுருவத்திலிருந்து புறப்பட்ட ஆதி ஆரிய இனம் என்று புத்தகம் புத்தகமாக வாசித்தான். அம்மாவின் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சுவஸ்திகம் இருந்தது. அதைக் கண்டதும், "நீயும் நானும் ஒரே வேர்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்பிடியே? நல்லது. சோறு போடட்டோ எண்டு கேள்."

பிறகு அவனுக்குப் புதிய கூட்டாளிகள் வந்தார்கள். நகரின் குறொன்லாண்ட் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நாங்கள் வாசித்த நாளில், அவர்களுடைய வெள்ளையின இயக்கத்தின் பட்டியைக் கையில் கட்டியிருந்தான். எல்லோரும் போனதும் கேட்டேன்.

"இது விளையாட்டுத்தானே?"

"இல்லை," என்றான். "நான் பிழையாக நினைத்துவிட்டேன். நீங்கள் அந்த இனம் இல்லை. அந்த இனம் தெற்கே போய் அடக்கிய ஆட்கள்தான் நீங்கள்."

கோபமே இல்லை. கெட்ட செய்தி சொல்லும் டாக்டரைப் போல, மெதுவாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அப்படியென்றால் எங்கள் வீட்டில் சாப்பிட்டதெல்லாம்?"

வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்தப் பிள்ளை ஏன் இப்ப வாறேல்லை?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் வேலை அதிகம் என்று சொல்லிவந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு அவனுடைய தாய் தொலைபேசியில் அழைத்தார். மகன் இறந்துவிட்டான் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

தேவாலயத்தில் கறுப்பு ஜாக்கெட் போட்டவர்கள் ஒரு பக்கமாக நின்று என்னையே பார்த்தார்கள். தாய் வந்து என் கையைப் பிடித்து முன்வரிசையில் தன் பக்கத்தில் இருத்தினார். "இவன் என் மகனின் நண்பன்," என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் பழைய பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றார். அவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். இரைச்சலுக்கு நடுவில் ஓரிடத்தில் அவன் சிரித்துக்கொண்டு, "காணும், காணும்" என்கிறான்.

தாய் பயந்துபோனார். "இதுவும் அவன் படித்த அந்த ரூன் மந்திரங்களில் ஒன்றா?"

இல்லை, அது தமிழ், போதும் என்று அர்த்தம் என்றேன். தட்டில் இனிச் சோறு போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்வதற்கு அவன் பழகிய சொல். அவனுடைய தாய் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன்.