ஜோடிக்கடை

புது ரப்பரும் பசையும் கலந்த ஒரு நெடி, மே மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் கடைப் படியிறங்கி, சின்னமனூர் மெயின் ரோடு வரைக்கும் வந்து நிற்கும். கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்கள் கிளப்பும் புழுதியும், எதிர்ச் சாரிப் பழக்கடையிலிருந்து வரும் பன்னீர் திராட்சை வாசமும் சேர்ந்தாலும் அதை அமுக்க முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப் போவதை எனக்கு முதலில் சொல்வது அந்த நெடிதான்.

அப்பாவின் செருப்புக்கடை பத்தடி அகலம், முப்பத்திரண்டடி நீளம். இடது சுவர் பெண்களுக்கு, வலது சுவர் ஆண்களுக்கு, உள்சுவர் தரையிலிருந்து கூரை வரை பிள்ளைகளுக்கு. பெயர்ப் பலகையில் எங்கள் குலசாமியின் பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னமனூர்க்காரர்களுக்கும், சந்தை நாளில் மார்க்கையன்கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கும், மேகமலை எஸ்டேட்டுகளிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் அது "ஜோடிக்கடை".

அப்பாவின் ஒரு பழக்கத்தால் வந்த பெயர் அது. வாங்குகிறவர் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகு, பெட்டியிலிருந்து இரண்டு காலையும் அப்பா வெளியே எடுப்பார். அடிப்பாகத்தோடு அடிப்பாகத்தைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவுவார். இரண்டிலும் பொறித்திருக்கும் நம்பரை வாய்விட்டுப் படிப்பார். இரண்டுக்குள்ளும் கையை விட்டு ஆணியோ பசைக் கட்டியோ இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். பிறகு வாங்குகிறவர் அதைப் போட்டுக்கொண்டு உள்சுவரிலிருந்து வாசல் வரை நடந்து திரும்ப வேண்டும். இதற்கு "ஜோடி பாக்கிறது" என்று பெயர். ஹவாய் செருப்பானாலும் இது உண்டு. அவசரக்காரர்கள் கத்துவார்கள்.

"மொதலாளி, பஸ்ஸு வந்துருச்சு! கட்டிக் குடுங்க!"

"பஸ்ஸு போனா அடுத்தது வரும்ப்பா. ஒனக்குக் கால் ரெண்டுதான் இருக்கு. நட."

எஸ்டேட்டிலிருந்து வரும் ஓர் அம்மாள், இந்தச் சடங்கு முடியும் வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். "பொண்ணு பாக்கிற மாதிரில்ல பாக்குறாக!" என்று ஒருமுறை அவர் சொல்ல, அப்பா பெட்டியை மூடாமலே, "பொண்ணு பாக்கிறதுல தப்பாப் போனாக்கூடச் சமாளிச்சுரலாம் தாயி. செருப்பு கடிச்சா சமாளிக்க முடியுமா?" என்றார். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "யாரு தப்பாப் போனதாம்?" என்று கேட்டாள். கடை முழுக்கச் சிரித்தது.

இந்தப் பழக்கம் கடை திறந்த முதல் வருடத்தில் நடந்த ஒரு தவறிலிருந்து வந்தது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்க நாள் கிடைக்காது. அதனால் பிள்ளையைத் தாளில் நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, பின்புறத்தில் பெயர் எழுதி மேகமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அட்டைக் கடிக்குப் பயந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கான்வாஸ் ஷூ வேண்டும். அப்பா தாளைப் பார்த்து எடுத்துவைக்கும் ஷூ, மறுநாள் அதே பஸ்ஸில் மலையேறும். அப்படிப் போன ஒரு பெட்டியில் ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் சிறிதாகவும் இருந்துவிட்டது. நான்காம் நாள் அந்தத் தாய் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்து, பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாராம். "ஏசியிருந்தாகூட மறந்திருப்பேன் ஆத்தா, அது பேசாம நின்னுச்சு" என்று அப்பா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் ஜோடி பார்க்காமல் அந்தப் படியைத் தாண்டியதில்லை.

அந்தத் தாள் கால்கள் என் சிறு வயதின் பெரிய வேடிக்கை. செய்தித்தாள், நோட்டுத் தாள், சிமெண்டுப் பை, ஒருமுறை கல்யாணப் பத்திரிகை. அப்பா அவற்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உக்காந்துக்கிட்டே வரைஞ்சது, நின்னா கால் விரியும், ஒரு நம்பர் கூட வை" என்பார். "இங்கன பாரு, பென்சிலை உள்பக்கமாச் சாச்சிருக்காக" என்பார். காலின் சொந்தக்காரப் பிள்ளையை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் போன வருடத் தாளை எடுத்துவைத்திருப்பார், இந்த வருடத் தாளை அதன்மேல் வைத்து, "பய வளந்துட்டான்" என்று சந்தோஷப்படுவார்.

ஜூன் முதல் வாரத்தில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. கறுப்பு ஷூ கேட்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள். அவர்களில் பின்தெருச் செந்திலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் பத்தாம் வகுப்புப் போகிற வருடம் அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். அவனுடைய அப்பா என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவார். ஆகவே செந்திலுக்கு என் அப்பா "பெரியப்பா". வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்த அவனை அப்பா தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, காலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, "ஏலே, இது கலெக்டரு காலுல்ல! இதுக்குப் போயி அழுவாகளா?" என்றார். கலெக்டர் அழுகையை நிறுத்தினார். சுவரிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சுவருக்கும் ஒன்பது முறை நடந்தார். வீட்டுக்குப் போயும் கழற்ற மறுத்தாராம்.

எங்கள் வரிசையில் அப்போது ஏழு கடைகள். நோட்டுப் புத்தகக் கடை, கைக்கடிகாரக் கடை, பாத்திரக்கடை, இரண்டு ஜவுளிக்கடைகள், ரேடியோக் கடை, எங்கள் கடை. ஏழில் ஐந்து இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவை ஒரே நாளில் சாகவில்லை. முதலில் மதியத்தில் மூடினார்கள், பிறகு வாரத்தில் நான்கு நாள் திறந்தார்கள், பிறகு ஒரு நாள் பூட்டின்மேல் தூசி படிந்திருப்பதைப் பார்த்தோம். எங்கள் கடைக்கும் ஆட்கள் வந்தார்கள். போட்டுப் பார்த்தார்கள், நடந்து பார்த்தார்கள், அடியிலிருந்த நம்பரைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, "வீட்டுல கேட்டுட்டு வாரோம்" என்று போனார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒளிவுமறைவே இல்லாமல், "தாத்தா, எனக்கு என்ன நம்பர்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா, ஆர்டர் போடணும்" என்று கேட்டாள். அப்பா குனிந்து அவள் காலை அளந்து நம்பரைச் சொல்லிவிட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவள் சொன்னதும், "அவுக சின்னதா அடிப்பாக. ஒரு நம்பர் கூடப் போட்டுக்க" என்றார்.

பிறகு பார்சல்கள் வந்தன. எங்கள் வீடுகளுக்குக் கதவு எண்ணை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது. அதனால் சுற்றுத் தெருக்காரர்கள் எல்லோரும் முகவரியில் "செருப்புக்கடை அருகில்" என்று எழுதினார்கள். பூட்டிய வீட்டுப் பார்சல்களை, பைக்கில் மூட்டையோடு வரும் இளைஞன் எங்கள் கடையில் இறக்கிவைத்தான். "தாத்தா, ஒங்க கடைதான் எங்க பிராஞ்சு ஆபீஸு" என்று அவன் சொல்ல, "சம்பளம் என்னைக்குடா போடுவீக?" என்று அப்பா கேட்டார். இதெல்லாம் எதற்கு என்று நான் சண்டை போட்டேன். அப்பாவுக்கு வேறு கணக்கு இருந்தது. அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. கடையும் போனால் பகலை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. "பார்சல் எடுக்க வாரவுக உள்ள வாராகல்ல ஆத்தா. வந்தா நாலுல ஒருத்தராவது ஒரு செருப்பைப் பாக்க மாட்டாகளா?" கடை திறந்திருப்பதற்கு அவரிடம் மிச்சமிருந்த ஒரே காரணம் அதுதான்.

போன வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தேனியில் குடியிருக்கும் நான் சனிக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவது வழக்கம். அன்றும் கடையில் இருந்தேன். காலையில் செந்தில் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் தன் மகளுக்கு அவன் வாங்கியது. அதைக் கையில் வாங்கியதுமே பிள்ளைகள் ஷூ என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அப்பா அதைப் பிரித்திருந்தார். இரண்டு காலையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது? அடுத்தவுக பார்சலு!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐம்பத்திரண்டு வருடப் பழக்கம். பெட்டி கைக்கு வந்தால் ஜோடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் வருத்தப்பட்டது அதற்கல்ல. "ஒண்ணு பதினொண்ணு, ஒண்ணு பன்னெண்டு ஆத்தா. பிள்ளை திங்கக்கிழமை எப்படிப் போட்டுட்டுப் போகும்?" என்றார். நான் தடுப்பதற்குள் எழுந்துபோய், உள்சுவரிலிருந்து, பார்சலில் எழுதியிருந்த பன்னிரண்டாம் நம்பரில் ஒரு ஜோடியை எடுத்து, ஓரம் தடவி, நம்பர் படித்து, பார்சலுக்குப் பக்கத்தில் தயாராக வைத்தார்.

செந்தில் வந்தான். கிழிந்த உறையைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தான்.

"யாரு பிரிச்சது?"

"நான்தாம்ப்பா. பழக்கதோசத்துல பிரிச்சுட்டேன். ஜோடி தப்பா வந்திருக்கு, பாரு. பாப்பா இதைப் போட்டுட்டுப் போகட்டும்..."

"பிரிச்சா ரிட்டன் எடுக்க மாட்டாக, பெரியப்பா." அவன் ஷூ இரண்டையும் திருப்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், கத்தியிருக்கலாம். "ஒங்க ரேக்குலயும் இதே கம்பெனி இருக்குல்ல. அதுல ஒண்ணை எடுத்து இதுல வச்சுட்டு, ஒங்க ஜோடியை விக்கப் பாக்குறீகளா? கேட்டிருந்தா நானே வாங்கியிருப்பேன்ல. இதுக்கு இப்பிடியா?"

அப்பா விற்க நினைக்கவில்லை, சும்மா கொடுக்கத்தான் எடுத்துவைத்தார் என்று நான் சொன்னேன். உள்ளே இருக்கும் பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பார், ஒற்றைக் கால் எதுவும் இருக்கிறதா என்று சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் நின்றார். செந்தில் பார்சலை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

திங்கட்கிழமை அப்பா கடை திறந்தார். பார்சல் கொண்டுவந்த இளைஞனிடம், "இனிமே இங்கன வேணாம்ப்பா" என்றார். அவன் எதிர்ச் சாரி டீக்கடையில் வைத்துவிட்டுப் போனான். அன்று கடைக்குள் யாரும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை செந்தில் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே, "ரிட்டன் எடுத்துக்கிட்டாக பெரியப்பா, ஒண்ணும் கேக்கல. புதுசு வந்துருச்சு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனான். அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. யார் பக்கம் தவறு என்று அந்தக் கம்பெனியும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சனிக்கிழமை சொன்ன சொல்லை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கடை பூட்டியிருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். வாசலில் நான் கழற்றிவிட்ட செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கள் கடைச் செருப்பு இல்லை. நான் ஆர்டர் போட்டு, தேனியில் என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. ஏழு மாதமாக அதைத்தான் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போய்வந்திருக்கிறேன்.

தை மாதம் கடையைக் காலி செய்தோம். சந்தைகளில் செருப்பு விற்கும் ஒருவர் கம்பத்திலிருந்து மூன்று சாக்குகளோடு வந்தார். வாசல் கண்ணாடி அலமாரியில் ஒவ்வொரு ரகத்திலும் வலது காலை மட்டும்தான் வைத்திருப்போம். இடது கால் உள்ளே பெட்டியில் இருக்கும். விற்ற காலத்தில் அலமாரியில் எதுவும் ஒரு மாதம் தாண்டாது. இப்போது அவை வருடக்கணக்கில் மேற்கு வெயிலைத் தின்றிருந்தன. அப்பா தரையில் உட்கார்ந்து முப்பத்தெட்டு வலது கால்களையும் அவற்றின் பெட்டிகளோடு சேர்த்தார். வலது சாம்பலாக இருந்தது, இடது கறுப்பாக இருந்தது.

"பெருசு, இது ஜோடியா விக்காது. எடைக்குத்தான்" என்றார் வந்தவர்.

அப்பா ஒன்றை எடுத்து அடியோடு அடி சேர்த்து, ஓரத்தைத் தடவினார். "நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவதையும் பார்த்தார், மூன்றாவதையும் பார்த்தார். பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம், வலதா இடதா என்று பாராமல், சாக்குக்குள் போட ஆரம்பித்தார்.

இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரமாகிறது. மேகமலை பஸ் இப்போதும் அதே நேரத்துக்கு இறங்குகிறது. கண்டக்டர் கையில் தாள் எதுவும் இல்லை. கடையின் ஷட்டரில் "வாடகைக்கு" என்று எழுதிய அட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டு வாசல் வழியாகக் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் கறுப்பு ஷூவில் டக்டக்கென்று போகிறார்கள். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அப்பா எழுந்து, வாசலைப் பார்த்துப் போட்டிருக்கும் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.