பிறந்த தேதி இல்லாதவர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனி. எழுபத்து நாலில் ஆட்களின் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். மெஷின் சொந்தமில்லை, பட்டணத்தில் வாரம் ஒரு மணி நேரம் வாடகைக்கு. புரோகிராமுக்குள்ளோ இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது என்று எக்கச்சக்கமான வழிகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க நேரமேது? எந்த வழியைச் சோதிப்பது, எதை விடுவது என்று பொறுக்கும் வேலை வசந்தாவுடையது. பி.யூ.சி. முடித்து, கம்ப்யூட்டர் படிக்கும் அட்டையில் துளை போடும் பெண்ணாகச் சேர்ந்து, அந்த நாற்காலிக்கு வந்தவள்.

அவள் அப்பா வேம்புலியும் அங்கேதான் லோடு தூக்கினார். கம்பெனி வருமுன் அதே நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் மகள் இவள் என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதென்றே வசந்தா வேறு பஸ்ஸில் வருவாள்.

ஐம்பத்தெட்டு வயதானவர்களை ஓய்வுக்கு அனுப்பும் பகுதி சோதனைக்கு வந்தது.

“பிறந்த தேதி காலியா இருந்தா என்ன ஆகும்னு பார்க்கணுமா சார்?” என்று கேட்டாள்.

மேலாளர் ராஜசேகரன் சிரித்தார். “தேதி இல்லாம எவன்மா பிறப்பான்?”

ஆபீசே சிரித்தது. ‘எங்கப்பா இருக்கார் சார்’ என்பது தொண்டைவரை வந்தது. பாழாய்ப்போன வெட்கம்! அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அந்த வழியை விட்டுவிட்டாள்.

அட்டையில் வருஷத்துக்குக் கடைசி இரண்டு இலக்கம்தான்; காலி இடத்தை மெஷின் சைபராக எடுத்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்த கிழவர்கள் என்று சொல்லி, வேம்புலியையும் அவரோடு லோடு தூக்கிய, அவரைப் போலவே தேதியில்லாத அத்தனை பேரையும் அடுத்த மாதமே ஓய்வுக்கு அனுப்பியது. வேம்புலிக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது.

வசந்தா ராஜசேகரனிடம் ஓடினாள். “தப்பு புரோகிராம்ல சார். வேம்புலி எங்கப்பா.”

“அப்படியா? வயசுக்கு சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லு.”

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதரிடம் சர்டிபிகேட்! ஆள் குறைக்க வழி பார்த்திருந்தவர்கள் இதை விடுவார்களா?

அன்று சாயங்காலம் வேம்புலி கேட்டார். “நீதானேம்மா அந்த மிஷினப் பாத்துக்கினு கீற? நைனாவுக்குத் தேதி கெடையாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“மறந்துட்டேன் நைனா.”

“பரவால்ல, வுடு,” என்றார்.

புரோகிராமை மட்டும் திருத்தினார்கள், போனவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மெஷின் அறைக்குள் நுழைந்ததும் வசந்தா முதலில் சோதிப்பது அந்த வழியைத்தான். தேதியில்லாத அட்டை ஒன்றைப் போடுவாள், தவறில்லாமல் ஓடும். அந்த வழியில் போவதற்குத்தான் கம்பெனியில் ஒருவரும் மிச்சமில்லை.